கண் இமையை இழுத்துப் பாருங்கள்: கால்நடைக் கேள்வி–பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் குடற்புழுவைப் பற்றித்தான். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்தால் அப்படித்தான் வரும். அதனால் அந்தக் கேள்விக்கு நீட்டியே எழுதியிருக்கிறேன். மற்றவற்றைக் கேள்விக்குத் தகுந்தபடி சொல்லியிருக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் எல்லோருக்கும் ஊர் மட்டும்.

40 செம்மறி வைத்திருக்கிறேன். மாதம் தவறாமல் எல்லா ஆட்டுக்கும் அல்பெண்டசோல் என்ற குடற்புழு மருந்தை ஊற்றுகிறேன். அப்படியும் ஐப்பசியில் ஆறு ஆடு செத்துவிட்டது. கழிச்சல் கூட இல்லை, புழுக்கை நன்றாகத்தான் விழுந்தது. தாடைக்குக் கீழே மட்டும் பை மாதிரி வீங்கியிருந்தது. விஷக்கடியா?
– வெள்ளகோவில் வாசகர்

விஷக்கடி இல்லை தம்பி. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் ரத்தம் குடிக்கும் புழுதான். ஹிமாங்கஸ் என்று பெயர். ஆட்டின் வயிற்றில் நாலு அறை உண்டு. நாலாவது அறையின் சுவரில் இது ஒட்டிக்கொண்டு குடிக்கும். செத்த ஆட்டை அறுத்துப் பார்க்கும்போது அந்த அறையைத் திறந்து, உள்ளே இருப்பதைத் தண்ணீரில் மெதுவாக அலசிப் பாருங்கள். ஏறக்குறைய ஒரு அங்குலம்தான் நீளம். சிவப்பு நூலையும் வெள்ளை நூலையும் சேர்த்து முறுக்கின காப்புக்கயிறு போல இருக்கும். சிவப்பு, ஆட்டின் ரத்தம் நிறைந்த அதன் குடல். வெள்ளை, அதைச் சுற்றிக்கொண்டிருக்கும் முட்டைப்பை. ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது.

ஒரு புழு ஒரு நாளைக்கு 0.05 மில்லி ரத்தம் குடிக்கும். கேட்டால் ஒன்றுமில்லாதது போலத்தான் தோன்றும். ஆனால் மழைக்காலத்தில் ஒரு ஆட்டுக்குள் ஆயிரம் புழு இருப்பது சாதாரணம். ஆயிரம் புழு என்றால் தினம் 50 மில்லி. 25 கிலோ ஆட்டின் உடம்பில் மொத்த ரத்தமே ஒன்றரை லிட்டரை ஒட்டித்தான் இருக்கும். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். ரத்தத்தோடு புரதமும் போய்விடுவதால் நீர் கசிந்து தாடைக்குக் கீழே தேங்குகிறது. மேயும்போது தலை கீழே தொங்குவதால் சாயங்காலம் வீக்கம் பெரிதாகவும், காலையில் சின்னதாகவும் தெரியும். இந்தப் புழுவுக்குப் பெரும்பாலும் கழிச்சல் வராது. புழுக்கை கெட்டியாக இருக்கிறதே, புழு இருக்காது என்று நீங்கள் நினைத்தது அதனால்தான்.

சரி, மாதா மாதம் மருந்து ஊற்றியும் ஏன் செத்தது? இதற்கு ஒரு பழைய சம்பவத்தைச் சொல்ல வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூலனூர் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் பட்டி மருந்து ஊற்றப் போனேன். எல்லாம் மேச்சேரி ஆடு. எங்கள் பக்கம் மயிலம்பாடி என்பார்கள். பட்டிக்குச் சொந்தக்கார ஆத்தாவுக்கு எழுபது வயது இருக்கும். ஆட்களை ஆட்டைப் பிடிக்கச் சொல்லிவிட்டுப் படலுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பாதிப் பட்டி முடிந்தபோது கேட்டார்: "ஏனுங்க அம்மிணி, அந்த மூளிக்காதுக்காரி கெட்டியாத்தானே இருக்கறா? அவளுக்கும் எதுக்கு ஊத்தோணும்?" நான் கல்லூரியில் படித்ததைச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் ஊற்றினால்தான் ஆத்தா புழு ஒழியும் என்றேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. ஆனால் மூளிக்காதியைப் பிடித்து வந்தபோது, தன் சுண்டுவிரலால் அதன் கீழ் இமையை இழுத்து எனக்குக் காட்டினார். உள்ளே செக்கச் செவேல் என்று இருந்தது. நான் அதற்கும் ஊற்றிவிட்டுத்தான் வந்தேன்.

அன்றைக்கு அவர் கேட்டதுதான் சரியான கேள்வி என்று எனக்குப் புரியப் பல வருடம் ஆனது. ஒரு பட்டியில் இருக்கும் புழு எல்லா ஆட்டிலும் சமமாக இருக்காது. பெரும்பங்கு சில ஆடுகளுக்குள்தான் இருக்கும். மூளிக்காதி போன்றவை கொஞ்சம் புழுவை வைத்துக்கொண்டே நன்றாக இருக்கும். அந்தப் புழுவுக்கு நம் மருந்து என்னவென்றே தெரியாது, ஊற்றினால் செத்துப்போகும். எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் ஊற்றினால் என்ன ஆகும்? மருந்துக்குச் சாகிற புழு எல்லாம் செத்துவிடும், சாகாத நாலு புழு மட்டும் மிஞ்சும். ஒரு பெண் புழு ஒரு நாளைக்கு ஐயாயிரம் முதல் பத்தாயிரம் முட்டை வரை போடும். அடுத்த மூன்று வாரத்துக்கு உங்கள் மேய்ச்சல் காட்டில் விழுகிற முட்டை எல்லாம் அந்த நாலு புழுவின் வாரிசுகள். அவற்றோடு கலக்க, மருந்துக்குச் சாகிற புழுவின் முட்டை ஒன்றுகூட இல்லை. இதையே மாதம் தவறாமல் செய்தால், உங்கள் காட்டில் அல்பெண்டசோலுக்கு அசையாத புழுவை நீங்களே தேர்ந்தெடுத்து வளர்த்தது போலத்தான். மருந்து மாற்றுகிறேன் என்று ஃபென்பெண்டசோல் வாங்காதீர்கள். இரண்டும் ஒரே குடும்பம். ஒன்றுக்குச் சாகாதது மற்றதற்கும் சாகாது.

ஆத்தா சுண்டுவிரலால் செய்ததைத் தென்னாப்பிரிக்காவில் ஒரு அட்டையாகவே செய்திருக்கிறார்கள். ஃபமாச்சா அட்டை என்று பெயர். அதை முதலில் யோசித்த ஃபாஃபா மலான் என்ற கால்நடை மருத்துவரின் பெயர் எழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர் அது. கீழ் இமையின் உட்புறம் எவ்வளவு சிவப்பாக இருக்கிறது என்பதை ஐந்து நிறமாகப் பிரித்திருப்பார்கள். ரத்தச் சிவப்பு 1, வெள்ளைத்தாள் போல் வெளுத்தது 5. நாலும் ஐந்தும் இருந்தால் மருந்து. ஒன்றும் இரண்டும் இருந்தால் விட்டுவிடலாம். மூன்றாக இருந்தால் குட்டிக்கும், சினை ஆட்டுக்கும், பால் கொடுக்கும் தாய்க்கும் மட்டும் ஊற்றுங்கள்.

பார்க்கும் முறை முக்கியம். நிழலில் பார்க்காதீர்கள், வெயில் வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு கட்டைவிரலால் மேல் இமையை மூடி, கண்ணை லேசாக உள்ளே அழுத்துங்கள். இன்னொரு கட்டைவிரலால் கீழ் இமையை இழுத்தால் உட்புறத் தசை தானாக வெளியே பிதுங்கும். அதன் நிறத்தை மூன்று எண்ணுவதற்குள் பார்த்துவிடுங்கள். இழுத்தபடியே வைத்திருந்தால் வெறும் உரசலிலேயே சிவந்து உங்களை ஏமாற்றும். இரண்டு கண்ணையும் பாருங்கள். மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, கோடையில் மாதம் ஒரு தடவை போதும். 40 ஆடு பார்க்க முதல்நாள் ஒரு மணி நேரம் ஆகும், மூன்றாவது தடவை இருபது நிமிடத்தில் முடித்துவிடுவீர்கள். வெளுத்திருந்தால் புழுதான் என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்யவும் வேண்டாம். உண்ணி ஏறினாலும், குளத்தங்கரையில் மேய்ந்து ஈரலில் தட்டைப்புழு பிடித்தாலும் இமை வெளுக்கும்.

உங்களுக்கு முதல் வேலை, இப்போது ஊற்றும் மருந்து வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்வது. பத்து ஆட்டின் புழுக்கையை, தரையிலிருந்து பொறுக்காமல், கையுறை போட்டு ஆசனவாயிலிருந்தே எடுத்து, தனித்தனிச் சின்னப் பையில் காற்றில்லாமல் கட்டி, அன்றைக்கே பக்கத்துக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். முட்டையை எண்ணித் தரச் சொல்லுங்கள். பிறகு எடை பார்த்து மருந்து ஊற்றி, பத்திலிருந்து பதினான்கு நாளுக்குள் அதே ஆடுகளின் புழுக்கையை மறுபடி கொடுங்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முட்டையாவது குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை என்றால் அந்த மருந்தை ஓரமாக வைத்துவிட வேண்டியதுதான். வேறு குடும்பத்து மருந்து எது என்பதை உங்கள் டாக்டரே எழுதித் தருவார். லெவாமிசோலோ குளோசன்டெலோ, இரண்டுக்கும் அளவு கொஞ்சம் தப்பினாலும் ஆட்டுக்கு ஆபத்து. அதனால் கடைக்காரரிடம் கேட்டு வாங்காதீர்கள்.

எடை பார்த்து என்று சொன்னேன் அல்லவா, அதையும் சொல்லிவிடுகிறேன். நம்மவர்கள் பெரும்பாலும் கண்ணால் மதிப்பிட்டு 20 கிலோ என்று ஊற்றுவார்கள், ஆடு 28 இருக்கும். அந்தக் குறைந்த அளவு புழுவைக் கொல்லாது, பழக்கிவிடும். சினைப்பட்ட முதல் மாதத்தில் இருக்கும் ஆட்டுக்கு அல்பெண்டசோல் கொடுக்கவே வேண்டாம், கரு கெடும். ஊற்றும்போது தலையை வானத்தைப் பார்க்கத் தூக்காதீர்கள். மூக்கும் கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். இல்லையென்றால் புரையேறி மருந்து நுரையீரலுக்குப் போய்விடும், அந்த ஆடு புழுவால் சாகாமல் நம் கையால் சாகும்.

மேய்ச்சலைப் பற்றி ஒரு வார்த்தை. முட்டை பொரித்து, நோய் உண்டாக்கும் பருவத்துக்கு வர ஈரமும் சூடும் இருந்தால் ஒரு வாரம்கூட ஆகாது. அந்தக் குஞ்சுப்புழு பனி ஈரத்தில் புல் மேல் ஏறும், ஆனால் பெரும்பாலும் தரையிலிருந்து நாலு விரல் உயரத்துக்குள்தான் இருக்கும். புல்லை மொட்டையாக மேய விடுவதுதான் பெரிய ஆபத்து. உங்கள் ஊர்ப் பக்கம் கொறங்காட்டைக் கிளுவை வேலி போட்டுத் துண்டு துண்டாகப் பிரித்து, மாற்றி மாற்றி அடைப்பார்கள். கொழுக்கட்டைப்புல் மறுபடி தலை தூக்கும் வரை அந்தத் துண்டை விட்டுவிடுவார்கள். புல்லுக்காகச் செய்த ஏற்பாடு, புழுவுக்கும் அதுவே தடையாக இருந்தது. இப்போது துண்டுகளை எல்லாம் ஒன்றாக்கி, ஆட்டை மூன்று மடங்காக்கி, மருந்து பாட்டிலை நம்பி ஓட்டுகிறோம். உங்கள் வேலி இன்னும் இருந்தால் அதைக் காப்பாற்றுங்கள் தம்பி.

இரண்டு வருடம் எழுதி வைத்துப் பாருங்கள். எந்தத் தாய்க்கு மருந்தே தேவைப்படவில்லையோ அதன் கிடாக்குட்டியைப் பட்டிக்கு வையுங்கள். அடிக்கடி வெளுக்கிற ஆட்டை விற்றுவிடுங்கள்.

சென்னையில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். மெரினோ ஆடு வாங்கி இங்கேயே வளர்த்துக் கம்பளி விற்கலாம் என்று ஆசை. நம் ஆட்டுக்கு ஏன் கம்பளி வருவதில்லை?
– ஓமலூர் வாசகர்

உங்கள் வீட்டிலிருந்து எட்டிப் போனால் மேச்சேரி. அங்கே பொட்டனேரியில் மேச்சேரி ஆட்டுக்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மெரினோவுக்கு முன்னால் அதைப் போய்ப் பாருங்கள் என்பதுதான் என் முதல் பதில்.

கம்பளி ஏன் வருவதில்லை என்பது நல்ல கேள்வி. செம்மறித் தோலில் இரண்டு வகை மயிர்க்கால் உண்டு. முதல் வகை குட்டி தாய் வயிற்றில் இருக்கும்போது முன்னதாகவே உருவாகிவிடும். அதிலிருந்து தடித்த மயிர் வரும், நடுவில் பெரும்பாலும் துளை இருக்கும். இரண்டாம் வகை சினையின் பிற்பாதியில் முதல் வகையைச் சுற்றிக் கூட்டமாக முளைக்கும், மெல்லிய கம்பளி வருவது இதிலிருந்துதான். நம் மேச்சேரிக்கும் ராமநாதபுரம் வெள்ளைக்கும் ஒரு முதல் மயிர்க்காலைச் சுற்றி இரண்டோ மூன்றோதான் இருக்கும். மெரினோவுக்கு இருபதைத் தாண்டும். அதனால்தான் ஒன்று பளபளவென்று ஒட்ட வெட்டின தலை போலவும், மற்றது பஞ்சு மூட்டை போலவும் இருக்கிறது. இந்த இரண்டாம் வகை முழுதாக முளைப்பதற்குத் தாய்க்குச் சினையின் கடைசி மாதங்களில் தீனி வேண்டும். அப்போது பட்டினி போட்டால், பிறகு குட்டிக்கு எவ்வளவு போட்டாலும் ஆயுள் முழுக்கக் கம்பளி குறைச்சல்தான்.

கல்லூரியில் படிக்கும்போது ஊட்டிக்கு அந்தப்புறம் சாண்டிநல்லா ஆட்டு ஆராய்ச்சி நிலையத்தில் சில வாரம் தங்கியிருந்தேன். நீலகிரி ஆட்டை முதன்முதலாகத் தொட்டது அங்கேதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த மெரினோவும் செவியட்டும் சவுத்டவுனும் சமவெளியிலிருந்து போன கோயம்புத்தூர் ஆட்டோடு கலந்து உண்டான இனம் அது. வெளியே பார்த்தால் அழுக்கு வெள்ளை. இரண்டு கையாலும் முதுகு மயிரைப் பிளந்தால் உள்ளே வெண்ணெய் நிறம், தலையிலிருந்து அடிவரை சின்னச் சின்ன அலையாகச் சுருண்டு நிற்கும். கத்தரித்து முடித்த அன்று இரவு சாப்பிட உட்கார்ந்தபோதும் என் விரல் வழவழவென்று இருந்தது. சோப்புப் போட்டும் போகவில்லை. கம்பளிக் கொழுப்பு அது. லானோலின் என்று களிம்புகளில் போடுகிறார்களே, அதுவேதான். மழையில் ஆட்டின் தோல் நனையாமல் காப்பதும் அதுதான்.

மெரினோ வெயில் தாங்காது என்று சொல்வார்கள். ஆஸ்திரேலியாவின் காய்ந்த வெயிலில் அது நன்றாகவே வாழ்கிறது. நம் சமவெளியில் சிக்கல், சூட்டோடு சேர்ந்த ஈரம். நனைந்த கம்பளி காயாமல் நாறும், ஈ வந்து முட்டையிட்டுப் புழு வைக்கும். அப்புறம் ஒட்டுப்புல், முள், நெருஞ்சி எல்லாம் மயிரில் ஏறிக்கொண்டால் அந்தக் கம்பளியை ஆலைக்காரர் தொடமாட்டார்.

நம் சமவெளியிலும் கம்பளி ஆடு உண்டு. திருச்சி கறுப்பும், கோயம்புத்தூர்ப் பக்கக் குரும்பை ஆடும். சொரசொரப்பான மயிர். குரும்பர்கள் அதை வெட்டி, நூற்று, புளியங்கொட்டைக் கஞ்சி போட்டு நெய்த கறுப்புக் கம்பளி ஒரு ஆளின் ஆயுளுக்கு வரும். என் அம்மாச்சி வீட்டில் ஒன்று இருந்தது. மழையில் ஆடு மேய்க்கப் போகிறவர் அதைத் தலைக்குக் கொங்காணி போட்டுக்கொண்டு போவார். இப்போது மயிர் வெட்டுகிறவருக்குக் கொடுக்கும் கூலிக்கு மயிர் விலை கட்டுவதில்லை. வெட்டி வேலியோரம் கொட்டிவிட்டுப் போவதை நானே பார்த்திருக்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. நெய்கிற கைகளும் குறைந்துவிட்டன. உங்களுக்கு விற்கத் தெரியும் என்றால், புது ஆடு இறக்குவதை விட அந்த நெசவாளரையும் அந்த ஆட்டுக்காரரையும் சேர்த்து வைக்கும் வேலையைச் செய்யலாம். அதை நான் மனதார வரவேற்பேன்.

மேச்சேரியின் காசு கறியிலும் தோலிலும். கம்பளி ஆட்டின் தோலில் மயிர்க்காலும் கொழுப்பும் நெருக்கமாக இருப்பதால் பதனிட்டால் பொதபொதவென்று இளகிப்போகும். மயிர் ஆட்டின் தோல் இறுக்கமானது, மேல்பரப்பு மழமழப்பு. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிலில் இருக்கிறவர்களிடம் கேளுங்கள், மேச்சேரித் தோலின் பெயர் அவர்களுக்குத் தெரியும். சூடு போட்ட தழும்பும், உண்ணிக் கடியும், வேலிமுள் கீறலும் அந்தத் தோலின் விலையை உடனே இறக்கிவிடும். ஆட்டுக்கு வலிக்கு வலி, நமக்கு நஷ்டத்துக்கு நஷ்டம். சூடு போடாதீர்கள்.

மகள் கல்யாணத்தில் மிஞ்சின சாதத்தை இரண்டு கூடை கறவை மாட்டுக்கு வைத்தோம். ஆசையாகத் தின்றது. மறுநாள் எழுந்திருக்கவில்லை, வயிறு தண்ணீர்க்குடம் போல் தளும்பியது. எண்ணெய் ஊற்றினோம். டாக்டர் வந்து பிழைத்தது, ஆனால் பால் பாதியாகிவிட்டது. சோறுதானே, அதில் என்ன கெடுதல்?
– மன்னார்குடி வாசகி

அம்மா, மாடு பிழைத்ததே பெரிது. சோற்றில் கெடுதல் இல்லை, அளவிலும் வேகத்திலும்தான்.

மாட்டின் முதல் வயிறு நூறு லிட்டருக்கு மேல் பிடிக்கும் பெரிய தொட்டி. அதில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. வைக்கோலை மாடு சீரணிப்பதில்லை, அவைதான் புளிக்க வைத்துக் கொடுக்கின்றன. பிறகு அந்த நுண்ணுயிர்களே கீழே போய் மாட்டுக்குப் புரதமாகின்றன. அசை போடப் போட உமிழ்நீர் சோடா உப்பு போல உள்ளே இறங்கிப் புளிப்பைச் சமன் செய்துகொண்டே இருக்கும். வெந்த சோறு மொத்தமாக விழுந்தால், மாவைத் தின்று புளிக்கும் கிருமிகள் மட்டும் சில மணி நேரத்தில் பெருகிவிடும். இட்லி மாவு பொங்குகிற மாதிரிதான். லாக்டிக் அமிலம் நிறைகிறது, வைக்கோலைச் சீரணிக்கும் கிருமிகள் சாகின்றன. உடம்பில் இருக்கும் தண்ணீரை அந்த அமிலம் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. நீங்கள் பார்த்த தளும்பல் அதுதான். கண் உள்ளே போய், காது சில்லிட்டு, மாடு படுத்துவிடும். பால் திரும்ப வருவதற்கு அந்த நுண்ணுயிர்க் கூட்டம் மறுபடி குடியேற வேண்டும். நல்ல வைக்கோலும் பச்சைப்புல்லும் கொடுங்கள், தவிடு புண்ணாக்கைக் கொஞ்ச நாள் குறையுங்கள்.

எண்ணெய் ஊற்றியது இந்த நோய்க்கு உதவாது, படுத்த மாட்டுக்கு ஊற்றினால் புரையேறும் ஆபத்து வேறு. நிறையத் தின்றுவிட்டது என்று தெரிந்த உடனே, மாடு நின்றுகொண்டு விழுங்கும் நிலையில் இருந்தால், நூறிலிருந்து நூற்றைம்பது கிராம் ஆப்பச் சோடாவை இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்து நிதானமாகக் கொடுத்துவிட்டு டாக்டருக்குப் போன் பண்ணுங்கள். சாதம், அரிசி, மாவு எதையும் அதற்கு மேல் காட்டாதீர்கள்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் கால்நடை மருந்தகத்தில் இருந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். காலையில் கதவு திறக்கும்போதே நாலு பேர் நிற்பார்கள். ஒரு வாழை இலையில் ஒரு கைப்பிடி பொங்கல் ஊட்டுங்கள், மாலை போடுங்கள், கொம்புக்கு வண்ணம் அடியுங்கள். பானையோடு வைக்காதீர்கள்.

ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஊசி போட்டும் பட்டியில் நோய் வந்துவிட்டது. ஊசியே ஏமாற்றா? சினை ஆட்டுக்குப் போட்டால் கலைந்துவிடும் என்றும் சொல்கிறார்கள்.
– திருக்கோவிலூர் வாசகர்

உங்களுக்கு இது தெரிந்திருக்குமோ என்னவோ. இந்தியாவில் இந்த நோயை முதன்முதலில் கண்டுபிடித்தது உங்களுக்குப் பக்கத்து விழுப்புரம் மாவட்டத்தில்தான், 1987-ல், அரசூரில். அதுவரை ஆட்டுக்கு வாய்ப்புண்ணும் சளியும் கழிச்சலும் வந்தால் மாட்டு வெக்கை நோய் ஆட்டுக்கும் ஒட்டிக்கொண்டது என்றே எண்ணியிருந்தார்கள். இரண்டும் ஒரே குடும்பத்து வைரஸ்தான். அரசூரில் எடுத்த வைரஸை வைத்தே நம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் ஒரு தடுப்பூசியும் செய்தது. மாட்டு வெக்கை நோய் உலகத்திலேயே இல்லாமல் போய்விட்டதாக 2011-ல் அறிவித்தார்கள். அதை ஒழித்ததும் ஊசிதான். ஆட்டு நோயையும் அப்படியே ஒழிக்கலாம் என்று உலகம் முழுக்க வேலை நடக்கிறது.

ஊசி நல்ல ஊசி. ஒரு தடவை சரியாகப் போட்டால் மூன்று வருடம் காக்கும். ஆனால் அது உயிருள்ள வைரஸ், குளிர் விட்டால் செத்துப்போகும். இதில் என் அனுபவத்தையே சொல்கிறேன். ஒரு சித்திரை மாதம் ஒரே நாளில் மூன்று ஊர் என்று கணக்குப் போட்டுக் கிளம்பினேன். காலையில் கலக்கிய மருந்து பாட்டில் மதியம் வரை கையில் இருந்தது. பெட்டியில் ஐஸ் கரைந்துவிட்டது. எனக்கும் தெரிந்தது. இருந்தும், வந்த ஆட்களைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல் கடைசி ஊருக்கும் போட்டேன். ஆறு மாதத்தில் அந்த ஊரில் மட்டும் நோய் வந்தது. ஒரு விதவைப் பெண்ணுக்கு இருந்ததே பதினொரு ஆடு, ஏழு போய்விட்டது. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கப்புறம் நான் ஒரு நாளில் இரண்டாவது ஊருக்குப் போனதில்லை.

அதனால் ஊசி போட வருகிறவரிடம் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஐஸ் இருக்கிறதா, மருந்து எப்போது கலக்கியது என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. கலக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். ஊசி போட்ட பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் எதிர்ப்புச் சக்தி வரும், அதற்குள் சந்தையில் வாங்கின ஆட்டைப் பட்டியில் விட்டாலும் நோய் வரும். புது ஆட்டை மூன்று வாரம் தனியே கட்டுங்கள். மூன்று நாலு மாதத்துக்குக் குறைந்த குட்டிக்குப் போட்டால், தாயிடம் வாங்கின எதிர்ப்புச் சக்தியே மருந்தை அடித்துவிடும். சினை கலைவது மருந்தினால் இல்லை. நிறைசினை ஆட்டைத் துரத்திக் காலைப் பிடித்து இழுத்தால் கலையத்தான் செய்யும். அவற்றை மட்டும் ஈன்ற பிறகு போட்டுக்கொள்ளுங்கள்.

ஏ2 பால் என்று லிட்டருக்கு மூன்று மடங்கு விலை சொல்கிறார்கள். உண்மையில் வித்தியாசம் உண்டா?
– மதுரை வாசகர்

பாலில் இருக்கும் பீட்டா கேசின் என்ற புரதச் சங்கிலியில் 67-வது இடத்தில் ஒரு மணி மாறியிருக்கும், ஏ1 பாலுக்கும் ஏ2 பாலுக்கும் அவ்வளவுதான் வித்தியாசம். நம் நாட்டு மாடுகளில் பெரும்பாலும் ஏ2. எருமையும் அப்படியே. ஏ1 பாலால் இன்ன நோய் வரும் என்பதற்கு ஆதாரம் போதாது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009-ல் ஆராய்ந்து சொல்லியிருக்கிறது. காங்கேயம் மாட்டையும் புலிக்குளம் மாட்டையும் காப்பாற்றுகிறவருக்குக் கூடுதல் விலை கொடுக்க விரும்பினால் தாராளமாகக் கொடுங்கள், நல்ல காரியம். நோய் பயத்தில் கொடுக்காதீர்கள்.

மாடு கன்று போட்டால் நஞ்சுக்கொடி விழுகிற வரை சீம்பால் கறக்கவோ கன்றை ஊட்ட விடவோ கூடாது என்கிறார் மாமியார். போன கன்று ஐந்தாம் நாள் கழிச்சலில் செத்தது. இந்த மாடு அடுத்த வாரம் ஈனும். என்ன செய்யட்டும்?
– பெருந்துறை வாசகி

கன்று விழுந்த அரை மணியில் ஊட்ட விடுங்கள் கண்ணு. மனுஷக் குழந்தை தாய் வயிற்றிலேயே எதிர்ப்புச் சக்தியை வாங்கிக்கொண்டு பிறக்கும். மாட்டின் நஞ்சுக்கொடி அதை உள்ளே விடாது. கன்றுக்கும் ஆட்டுக்குட்டிக்கும் அது சீம்பாலில்தான் கிடைக்கிறது. அந்தப் பொருளை அப்படியே முழுசாக உறிஞ்சிக்கொள்ளும் சக்தி கன்றின் குடலுக்கு முதல் சில மணி நேரம்தான் நன்றாக இருக்கும். நேரம் ஆக ஆகக் குறைந்து, ஒரு நாளில் அடைபட்டுவிடும். நஞ்சுக்கொடி விழ எட்டு மணி நேரம்கூட ஆகலாம், சில மாட்டுக்கு அதற்கு மேலும். அதுவரை காத்திருந்தால் பாதி வாசல் மூடிவிடும். 25 கிலோ கன்றுக்கு முதல் நாளில் இரண்டரை லிட்டராவது உள்ளே போக வேண்டும், அதில் பாதி முதல் இரண்டு மணி நேரத்துக்குள்.

மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள்: கன்று காம்பை முட்டி ஊட்டினால்தான் கருப்பை சுருங்கும், சுருங்கினால்தான் நஞ்சுக்கொடி சீக்கிரம் விழும். அவர் பயப்படுவது கொடி உள்ளே தங்கிவிடுமோ என்றுதானே? ஊட்டுவது அதற்கே உதவும். காம்பை வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து, முதல் இரண்டு பீச்சலைத் தரையில் விட்டுவிட்டு, கன்றின் வாயில் காம்பை அவர் கையாலேயே வைக்கச் சொல்லுங்கள்.

பன்னிரண்டு மணி நேரம் ஆகியும் கொடி விழவில்லை என்றால் கல்லைக் கட்டித் தொங்கவிடாதீர்கள், கையை விட்டு இழுக்காதீர்கள். டாக்டரைக் கூப்பிடுங்கள். கன்று போட்ட பிறகு எனக்கு எழுதுங்கள், கிடாரியா காளையா என்று.